மைக்செட் அண்ணனோடு ஒரு ராக் இரவு

பெங்களூர், ராக் கச்சேரி என்றதும் வெளியூர் நண்பர்கள் பேலஸ் கிரவுண்ட்ஸைத்தான் கேட்பார்கள். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபரில் மெட்டாலிகா என்று அந்த மைதானத்துக்கு ஒரு ராசி. மெட்டாலிகா இரண்டு நாள் முன்பு குர்காவ்னில் ரத்தாகி, பெங்களூரில் ஒழுங்காக நடந்தது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் ஒரு அற்பப் பெருமை உண்டு. நானும் போயிருந்தேன். மேடையில் இருந்தவர்கள் என் விரல் நகம் அளவுக்குத் தெரிந்தார்கள். முகங்களைத் திரையில் பார்த்தேன். பரவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவில் யார் என்ன வாசித்தார்கள் என்று இன்று கேட்டால் கூட்டத்தின் இரைச்சல்தான் ஞாபகம் வருகிறது.

பாட்டுக்குப் பாட்டு என்னால் சொல்ல முடிகிற கச்சேரி வேறு. 2014ல், இந்திராநகரில், ஒரு துணிக்கடைக்கு மேல் முதல் மாடியில் இருந்த சின்ன கிளப். நூற்றைம்பது பேர் நின்றால் மூச்சு முட்டும். அந்த கிளப் இன்று இல்லை. வாசித்த நான்கு பையன்களும் இப்போது வேறு வேறு வேலைகளில் இருக்கிறார்கள், அதனால் பேர் வேண்டாம். அன்றைக்கு அவர்களைப் பார்க்க நான் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக்செட் அண்ணன் கூப்பிட்டார், போனேன்.

அண்ணன் அல்சூரில் எங்களுக்கு அடுத்த தெரு. அவர் அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர்கள். அம்மன் கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, தேர்தல் எல்லாவற்றுக்கும் அவர்கள் வீட்டு மைக்செட்தான். தொண்ணூறுகளின் கடைசியில் கல்லூரி விழாக்களுக்குப் பெட்டி வாடகைக்குக் கொடுக்கப்போன இடத்தில் அவருக்கு ராக் பழக்கமானது. தர்மல் அண்ட் எ குவார்ட்டர் 1996ல் தொடங்கிய குழு, க்ரிப்டோஸ் 1998ல். இந்த ஊரில் இங்கிலீஷ் பாட்டுக்குச் சொந்தமாக மெட்டுப் போட்ட பையன்கள் கிளம்பிய காலம் அது. அண்ணனுக்குப் பாட்டின் வார்த்தை ஒன்றும் புரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. "பாட்டு புரியாட்டி இன்னாபா, ஸ்னேர் எங்க விழுதுன்னு தெரியுமில்ல" என்பார். டிரம்ஸில் பட்டென்று வெடிக்கிற டிரம்மைத்தான் ஸ்னேர் என்கிறார். ஒரு குழுவை அவர் எடைபோடுவது டிரம்மர் தன் தோலைச் சுருதி சேர்த்துக்கொண்டு வருகிறாரா என்பதை வைத்துத்தான்.

"கேபிள் இழுக்கிற பையன் வரல. நீ வா, டிக்கெட் காசு மிச்சம்" என்றார். சாயந்தரம் நான்கு மணிக்கே போய்விட்டேன். யாராவது சின்ன கிளப்புக்கு முதல்முறை போகிறோம் என்றால் நான் சொல்வது, முடிந்தால் சவுண்ட் செக் நேரத்தில், அதாவது கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும்போது, உள்ளே இருக்கப் பாருங்கள். குழுவில் யாரையாவது தெரிந்தால் கேளுங்கள், பெட்டி தூக்குகிறேன் என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கச்சேரியின் பாதி அப்போதே நடந்துவிடுகிறது.

அண்ணன் உள்ளே வந்ததும் பெட்டியை இறக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு கையைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நான்கைந்து அடி தள்ளிப் போய் இன்னொரு தட்டு. "இன்னா கூடம்பா இது, மீன் தொட்டி மாதிரி" என்றார். தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, கீழே டைல்ஸ், தாழ்ந்த சிமெண்ட் கூரை. தட்டிய சத்தம் சுவருக்குச் சுவர் பட்டுப் படபடவென்று திரும்பி வந்தது எனக்கே கேட்டது. மேனேஜரைக் கூப்பிட்டு, கண்ணாடி முழுக்கத் திரையை இழுத்துவிடச் சொன்னார். மேனேஜருக்கு மனமில்லை, தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே விளக்கு தெரிந்தால்தானே வியாபாரம். "சொல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்று கன்னடத்தில் கெஞ்சி, பாதித் திரை வாங்கினார். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் பாடகர் நிற்கும் இடத்துக்கு முன்னால் தள்ளி வைத்து, கண்ணாடியைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்க்கும்படி கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினார்.

அடுத்து செய்தது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பாடும் மைக்கைத் திறந்து வைத்து, அது ஊளையிடும் வரை ஒலியை ஏற்றினார். ஊளை ஏன் வருகிறது என்பது எளிய விஷயம். ஸ்பீக்கரில் வருவது மைக்கில் விழுகிறது, மைக் அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது, சுற்றச் சுற்றப் பெரிதாகிறது. ஆனால் எந்தச் சுருதியில் முதலில் கிளம்பும் என்பது கூடத்துக்குக் கூடம் வேறு. அண்ணன் வேண்டுமென்றே கிளப்பிவிட்டு, 31 குமிழ் ஈக்வலைசரில் அந்தச் சுருதிக்கான குமிழை மட்டும் கொஞ்சம் இறக்குவார். இன்னும் ஏற்றுவார், அடுத்த ஊளை வரும், அதற்கான குமிழ் இறங்கும். மூன்று நான்கு குமிழோடு நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் இறக்கினால் குரலே செத்துப்போகும் என்றார். அவர் காதுக்கு இது கருவி பார்த்துச் செய்கிற வேலை அல்ல. ஊளை கேட்ட நொடியில் விரல் சரியான குமிழுக்குப் போனது.

காலிக் கூடத்தில் எல்லாமே கூர்மையாகக் கேட்டது. கிட்டார்காரர் முகம் சுளித்தார். "விடு தம்பி, ஆளுங்க வந்தா உறிஞ்சிக்கும்" என்றார் அண்ணன். மனித உடம்பும் உடுப்பும் மேல்சுருதிகளை நிறையவே குடித்துவிடும். நிறைந்த கூடத்துக்குத்தான் சரிசெய்ய வேண்டும், காலிக் கூடத்தில் இனித்தால் ராத்திரி மந்தமாகிவிடும்.

இடையில் கிட்டார் ஆம்பில், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியில், ஒரு ஹம். சுவிட்ச் போட்டதுமே வருகிற, தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் முனகல். கிட்டார்காரர் பையிலிருந்து எர்த் முனை ஒடிக்கப்பட்ட ஒரு பிளக்கை எடுத்தார். இதைப் போட்டால் நின்றுவிடும், எப்போதும் இப்படித்தான் செய்வோம் என்றார். அண்ணன் அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று அந்த ஒருமுறைதான். ஆம்பும், எல்லா ஒலியையும் சேர்த்து அளவு பார்க்கும் மிக்ஸரும் வேறு வேறு பாயிண்டில் இருந்தால், எர்த் இல்லாத பக்கத்தில் கசிவு இருந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் உடம்பு வழியாகப் போகும். மேடையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அண்ணன் செய்தது, ஆம்ப், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே பாயிண்டிலிருந்து இழுத்து, டிம்மர் விளக்குகளை வேறு பாயிண்டுக்கு மாற்றியது. முனகல் முக்கால்வாசி அடங்கியது. பிறகு சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு மைக் தலையிலும் வைத்துப் பார்த்தார். வீட்டு மாடியிலோ அலுவலக ஹாலிலோ கச்சேரி வைக்கிற நண்பர்களே, வேறு எதை மறந்தாலும் அந்த டெஸ்டரை மறக்காதீர்கள்.

அப்புறம் ஆளாளுக்கு வேண்டுதல். பாடகருக்கு மானிட்டரில், அதாவது மேடையில் அவர்களைப் பார்த்து வைத்த ஸ்பீக்கரில், தன் குரல் இன்னும் வேண்டும், கிட்டார்காரருக்கு கிட்டார், பேஸ் கிட்டார்காரருக்கு பேஸ். எல்லாருக்கும் ஏற்றினால் மேடை மேலேயே சண்டை முற்றி, கூடத்தில் ஒன்றும் விளங்காது. சின்ன கூடத்தில் வால்யூம் குமிழ் இல்லாத கருவி டிரம்ஸ் ஒன்றுதான், மற்ற எல்லாமே அதற்கு ஏற்பத்தான் அமைய வேண்டும். அண்ணன் கிட்டார் ஆம்பை ஒரு பீர் கிரேட் மேல் ஏற்றி, முகம் வாசிப்பவர் காதைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார். அதுவரை அது அவர் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. காதில் விழுந்ததும் அவரே வால்யூமைக் குறைத்துக்கொண்டார். பேஸ்காரர் மூன்றாவது தடவை "இன்னும் கொஞ்சம்ணா" என்றபோது, அண்ணன் எதுவும் இணைக்கப்படாத ஒரு குமிழைத் திருகி, "இப்போ?" என்றார். "ஆங், இப்போ சூப்பர்." உலகத்தில் எல்லா மைக்செட்காரர்களும் செய்கிற வேலை இது என்று பிற்பாடு தெரிந்தது.

ஏழரைக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. முதலில் வாசித்த குழுவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்தைத் தின்றார்கள், அவ்வளவுதான்.

நம் பையன்கள் மேடையேறியபோது ஒன்பது தாண்டிவிட்டது. நான் நேராகப் போய் மேடைக்கு முன்னால் நின்றேன். பத்தடி தூரத்தில் ஒருவர் கிட்டார் வாசிப்பதைப் பார்ப்பது வேறு அனுபவம்தான். விரல் நுனி வெளுப்பது தெரிகிறது, அடுத்த பகுதிக்குத் தாவும் முன் டிரம்மரும் பேஸும் கண்ணால் பேசிக்கொள்வது தெரிகிறது. ஆனால் குரலைக் காணோம். வாய் அசைகிறது, டிரம்ஸ் இடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் கையை ஆட்டி "பின்னால வா" என்கிறார். மிக்ஸருக்குப் பக்கத்தில் போய் நின்ற மறுகணம் எல்லாம் இருந்தது. குரல் நடுவில், கிட்டார் அதற்குக் கொஞ்சம் பின்னால், பேஸ் தரையில்.

காரணம் இதுதான். சின்ன கிளப்பில் டிரம்ஸும் ஆம்பும் நேரடியாகவே முன்வரிசைக்குக் கேட்டுவிடும். குரல் மட்டும் பெரிய ஸ்பீக்கர் வழியாகத்தான் வர வேண்டும், அந்த ஸ்பீக்கரோ முன்வரிசைக்குப் பக்கவாட்டில் எங்கோ இருக்கிறது. முன்னால் நிற்பவர்கள் பாதிக் கச்சேரியைத்தான் கேட்கிறார்கள். ஸ்பீக்கர் முன்னால் ஒட்டி நிற்பதும் வேண்டாம், சுவரோரமும் வேண்டாம். சுவரிலும் மூலையிலும் பேஸ் சேர்ந்து வீங்கி, எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கும். மிக்ஸர் எங்கே இருக்கிறதோ அதன் இரண்டடி சுற்றுவட்டாரம்தான் அந்தக் கூடத்திலேயே நல்ல இருக்கை. அந்த மனிதர் தன் காதுக்கு இனிக்கும்படித்தானே எல்லாவற்றையும் சரிசெய்கிறார். ஒன்றிரண்டு பாட்டு முன்னால் நின்று கண்ணால் பாருங்கள், மற்றதைப் பின்னால் வந்து கேளுங்கள்.

முதல் முக்கால் மணி நேரம் ஓட்டம்தான், வேகமான பாட்டுகளாக. பத்து மணி நெருங்க நெருங்க அண்ணன் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒலி மாசு விதிகள் 2000ம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். மூடிய அரங்கு என்றாலும், முதல் மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது எதிர்வீட்டுக்குக் கேட்காமல் போகுமா? நான் இந்த விஷயத்தில் கிளப் கட்சி இல்லை. இந்திராநகர் வீடுகளுக்காக உருவான பகுதி. 100 அடி ரோட்டிலும் 12வது மெயினிலும் கடையும் பப்பும் பிறகு வந்தவை. தூங்க முடியவில்லை என்று சொல்கிற முதியவரைப் பழமைவாதி என்று திட்டுவது நியாயமில்லை.

அண்ணனும் அதே கட்சிதான் என்பது அவர் செய்த ஏற்பாட்டில் தெரிந்தது. சாயந்தரமே பையன்களிடம், "அடிதடி பாட்டெல்லாம் பத்துக்கு முன்ன முடிச்சிடுங்க, மெதுவா இருக்கறத அப்புறம் வெச்சுக்கலாம்" என்று வரிசையை மாற்ற வைத்திருந்தார். டிரம்மரைக் குச்சிக்குப் பதில், மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ராட்ஸ் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பத்து அடித்ததும் பேஸின் அடிப்பகுதியை வெட்டினார். சுவரைத் துளைத்துக்கொண்டு போவது அதுதான், எதிர்வீட்டுக்குப் பாட்டு போய்ச் சேர்வதில்லை, டும் டும் மட்டும் போய்ச் சேரும்.

அப்போது வந்ததுதான் அந்தப் பாட்டு. அவர்களுடைய சொந்தப் பாட்டு, எட்டு நிமிடம் போகும். பேஸ் ஒரே நான்கு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வர, கிட்டார் ரொம்ப நேரம் உள்ளேயே வராது. வேகப் பாட்டு முடிந்த தெம்பில் பார் பக்கம் ஒரே பேச்சு. பிறந்தநாள் கோஷ்டி ஒன்று வேறு. பாடகர் குரலை உயர்த்தப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒலியை ஏற்றியிருப்பார்கள். ஏற்றினால் பேசுகிறவர்களும் குரலை ஏற்றுவார்கள், அதுக்கு முடிவே கிடையாது. அண்ணன் குறைத்தார். ஒரேயடியாக இல்லை, யாரும் கவனிக்காதபடி, விரல் நுனியால் ஒரு நூல் ஒரு நூலாக. ஒரு நிமிடத்துக்குப் பிறகு பிறந்தநாள் கோஷ்டியில் யாரோ சொன்ன ஒரு வாக்கியம் கூடம் முழுக்கக் கேட்டது. சொன்னவரே திடுக்கிட்டு நிறுத்தினார். பக்கத்து மேசை நின்றது, பிறகு பார். க்ளாஸ் வைக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

பேச்சு நின்றதைப் பாடகர் உணர்ந்தார். மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி, கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் பாடினார். கிட்டார் உள்ளே வந்தபோது அண்ணன் குமிழை மேலே தள்ள ஆரம்பித்தார், குறைத்ததைவிட மெதுவாக. கடைசி இரண்டு நிமிடம் டிரம்மர் ராட்ஸைக் கீழே போட்டுவிட்டுக் குச்சியை எடுத்துவிட்டார், அது ஒப்பந்தத்தில் இல்லாதது. அண்ணன் "அடேய்" என்றார், ஆனால் சிரித்துக்கொண்டே. எனக்கு மார்க்கூட்டுக்குள் பேஸ் இருந்தது. மெட்டாலிகாவைவிடச் சத்தம் குறைவு, ஆனாலும் அங்கே எனக்கு இப்படி ஆகவில்லை.

காது பற்றி ஒரு வார்த்தை. அண்ணனுக்கு இடது காதில் எப்போதும் ஒரு ரீங்காரம். இளவயதில் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே படுத்துத் தூங்கி வாங்கியது. அதனால் சட்டைப்பையில் டெஸ்டரோடு நுரைக் காதடைப்பான்களும் வைத்திருப்பார், எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு, 85 டெசிபலில் 8 மணி நேரம்வரை இருக்கலாம், அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன கூடத்தில் டிரம்ஸ் பக்கம் நின்றால் 100 சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022ல் இசைக்கூடங்களுக்கு வகுத்த வரம்பும், 15 நிமிடச் சராசரியில் 100ஐத் தாண்டக் கூடாது என்பதுதான். பஞ்சு உதவாது. நுரையை விரலால் ஒல்லியாக உருட்டி, எதிர்க்கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை பிடிக்க வேண்டும். அரைகுறையாகச் செருகினால் அலங்காரம்தான். மறுநாளும் ரீங்காரம் அடங்கவில்லையென்றால் காது மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள்.

வீடியோ எடுப்பவர்களுக்கு, முப்பது நொடி போதும். போன் மைக் அவ்வளவு சத்தத்தைத் தாங்காமல் நொறுங்கிய ஓசைதான் பதிவாகும், அதை நீங்கள் இரண்டாவது முறை கேட்கப்போவதில்லை. அந்தக் கையால் குழு விற்கிற சிடியோ டி-ஷர்ட்டோ வாங்கினால் அவர்கள் ஆட்டோவுக்காவது ஆகும். இரவு பத்துக்குமேல் ஆட்டோ மீட்டரில் ஒன்றரை மடங்கு, டிரம்ஸ் பெட்டியைப் பார்த்தால் அதற்கும் மேல் கேட்பார்கள்.

எல்லாரும் போனபிறகு கேபிள் சுற்றினோம். நான் முழங்கையில் சுற்றப்போனேன், அண்ணன் பிடுங்கிக்கொண்டார். ஒரு வளையம் நேராக, அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி, மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே செம்பு முறுக்கிக்கொள்ளாது, வீசினால் முடிச்சில்லாமல் நேராக ஓடும். வேலை முடிய நள்ளிரவு தாண்டியது. எம்பயர் ஓட்டலில் கீ ரைஸும் கெபாபும் சாப்பிட்டோம். அங்கே டிரம்மர் வந்து ராட்ஸ் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அண்ணன் அவருக்கும் சேர்த்து பில் கொடுத்தார்.

பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற பெங்களூர் ஆணை 2005லேயே வந்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது, போலீஸ் உரிமத்தைக் கறாராகக் கேட்க ஆரம்பித்தது, அந்த வருஷம் பல பப்களில் நேரடி இசையே நின்றுபோனது. இந்திராநகரின் ஹம்மிங் ட்ரீ 2019ல் மூடியது. அண்ணன் அந்தக் காலத்தில் மறுபடியும் கல்யாணம், கோயில் என்று முழுநேரமாகத் திரும்பினார். இப்போது இரண்டும் கலந்து ஓடுகிறது. சமீபத்தில் கோரமங்களாவில் ஒரு கச்சேரிக்கு மிக்ஸர் பக்கத்தில் போய் நின்றேன். இருபத்தைந்து வயதுப் பெண், டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்து நடந்து சரிசெய்கிறாள். மூலையில் நின்றும் கேட்கிறாள், பாரில் நின்றும் கேட்கிறாள். அண்ணனிடம் சொன்னேன். "எனக்கும் அந்த டேப்லெட்ட கத்துக் குடுக்கச் சொல்லு, நம்பர் வாங்கியா" என்றார். வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.